விலை 100, செலவு 168: ஒரு முதல் பைக்கின் முதலாண்டுக் கணக்கு

புதிய மோட்டார் சைக்கிள் வாங்கியவரிடம் "எவ்வளவு ஆனது?" என்று கேட்டால் ஷோரூமில் சொன்ன விலையைச் சொல்வார். ஓராண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. யாரும் எழுதி வைப்பதில்லை. என் அண்ணன் மகள் எழுதி வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் வண்டி என்பதால் ரசீது ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்திருந்தாள். ஆண்டு முடிந்ததும் அந்தக் கோப்பை என்னிடம் கொண்டு வந்து, "சித்தப்பா, திட்டம் போட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும் பணம் எந்த வழியாகப் போனது என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்றாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதாகப் பிரித்தோம். அதில் தெரிந்ததை அவள் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைப் பணத்தில் சொல்லாமல் பங்கில் சொல்கிறேன். வண்டியின் ஷோரூம் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாத் தொகையும் அந்த 100-க்கு எத்தனை என்பதே. வரியும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும், வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே இவளுடைய எண்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பணம் கசியும் இடங்கள் மட்டும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவள் போட்ட திட்டம்

திட்டம் மோசமானதல்ல. கையில் 37 பங்கு சேமிப்பு இருந்தது. வரி, பதிவு எல்லாம் சேர்த்து வண்டி 110-க்குள் வந்துவிடும் என்று நினைத்தாள். 90 பங்கு கடன், 20 பங்கு முன்பணம். மீதி 17 பங்கில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கையிருப்பாகவும் இருக்கும். மாதத் தவணையும் பெட்ரோலும் சம்பளத்துக்குள் அடங்கும். முதல் வண்டி வாங்கப் போகிற பலர் பாதுகாப்பு உடைக்குப் பணம் ஒதுக்குவதே இல்லை. இவள் ஒதுக்கியிருந்தாள். அந்த 17 பங்கு எப்படிக் காணாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன்.

அவள் பார்த்த வண்டி இரண்டு வகைகளில் விற்பனைக்கு இருந்தது. என்ஜின் ஒன்று, சட்டகம் ஒன்று, பிரேக் ஒன்று. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரண்டிலும் உண்டு. மேல் வகையில் வண்ணத் திரை, கைபேசி இணைப்பு, கூடுதல் நிறங்கள், முன்புறம் பெரிய பிளாஸ்டிக் மூடி. கீழ் வகையின் விலை 86, மேல் வகை 100. அவள் மேல் வகையை எடுத்தாள். தவணையில் பார்த்தபோது மாதத்துக்கு ஏறக்குறைய அரைப் பங்கு வித்தியாசம்தான் தெரிந்தது. விற்பனையாளரும் அப்படித்தான் காட்டினார். இந்த 14 பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷோரூமில் நீட்டிய தாள்

முன்பதிவு செய்த பிறகுதான் முழு விலைப்பட்டியல் கைக்கு வந்தது. வரியும் பதிவும் 11, காப்பீடு 7, கூடுதல் பொருட்கள் 4, நீட்டித்த வாரண்டி 2, 'கையாளும் கட்டணம்' 2, கடன் ஆவணக் கட்டணம் 1. மொத்தம் 127. கடன் தருகிறவர் 90-க்கு மேல் தர மறுத்துவிட்டார். முன்பதிவுத் தொகை கட்டியாகிவிட்டது. வண்டி வரும் நாளும் குறித்தாகிவிட்டது. மீதி 37-ஐ முழுதாகக் கட்டினாள். 17 பங்கு அங்கேயே முடிந்தது. ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்து வந்த நாளில் அவள் தலையில் இருந்தது அவர்கள் இலவசமாகக் கொடுத்த ஹெல்மெட். கையில் கையுறை இல்லை. ஜாக்கெட்டும் இல்லை.

இந்தத் தாளில் எது கட்டாயம், எது கட்டாயம் இல்லை என்று பிரித்துப் பார்த்தோம். வரியும் பதிவும் கட்டாயம், பேச இடமில்லை. காப்பீடு எடுப்பது கட்டாயம், ஆனால் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் கட்டாயம் இல்லை. அதே வண்டிக்கு, அதே அளவு பாதுகாப்புக்கு, வெளியில் விசாரித்தபோது 5.5-க்குக் கிடைத்தது. விற்பவருக்குக் கிடைக்கும் தரகு அந்த 7-க்குள் இருக்கிறது. கையாளும் கட்டணம் எதற்கு என்று அவள் கேட்டபோது "எல்லோரும் கட்டுவதுதான்" என்றுதான் பதில் வந்திருக்கிறது. அது ஒரு விளக்கமே அல்ல. வண்டியைத் தயார் செய்து கொடுப்பது விற்பவரின் வேலை. அதற்கான லாபம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ரசீதில் எழுதித் தரச் சொன்னால், பல இடங்களில் இந்த வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும். கேட்க வேண்டிய நேரம் முன்பதிவுத் தொகை கட்டுவதற்கு முன்பு. கட்டிய பிறகு கேட்கிற குரலுக்கு வலு இல்லை.

கூடுதல் பொருட்கள் 4 பங்கில் சீட் உறை, பெயிண்டுக்குப் பூச்சு, ஸ்டாண்டுக்கு அடித்தட்டு, என்ஜின் பக்கம் பொருத்தும் கிராஷ் கார்டு எல்லாம் இருந்தன. இவற்றில் நான் வைத்துக்கொள்ளச் சொல்வது 1.5 பங்கு பெறும் கிராஷ் கார்டை மட்டும்தான். புதிதாக ஓட்டுகிறவர் ஒருமுறையாவது வண்டியைச் சாய்ப்பார். நீட்டித்த வாரண்டியை அன்றே எடுக்கத் தேவையில்லை. பல நிறுவனங்கள் மூல வாரண்டி முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் எடுக்க விடுகின்றன. வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆக 127-இல் தவிர்த்திருக்கக் கூடியது 8 பங்கு. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் வாங்கப் போதுமான தொகை.

10 சதவீதம் என்று எழுதிய 18 சதவீதம்

கடன் ஒப்பந்தத்தில் வட்டி 10 சதவீதம் என்று போட்டிருந்தது. அவள் சம்பளம் போடும் வங்கி 12 சதவீதம் சொல்லியிருந்ததாம். பத்து குறைவுதானே என்று ஷோரூமிலேயே கடனை எடுத்துவிட்டாள். கோப்பில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த தாள் இதுதான், ஏனென்றால் இதில் ஏமாறுவதற்குக் கவனக்குறைவு தேவையில்லை. கவனமாகப் படிக்கிறவரும் ஏமாறுவார்.

ஷோரூம் சொன்ன 10 சதவீதம் நிலையான வட்டி. அதாவது மூன்று ஆண்டும் முழு 90 பங்குக்கும் வட்டி போடுவார்கள். ஆண்டுக்கு 9, மூன்று ஆண்டுக்கு 27. மொத்தம் 117, அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 3.25. ஆனால் அவள் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறாள். கடைசி ஆண்டில் அவள் கையில் இருக்கும் கடன் மிகச் சிறியது. வட்டி மட்டும் முதல் நாள் கடனுக்கே ஓடுகிறது. உண்மையில் நிலுவையில் இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், இந்தக் கடனின் வட்டி விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீதம்.

வங்கி சொன்ன 12 சதவீதம் குறைந்துவரும் அசலுக்கான வட்டி. அதில் 90 பங்கை 36 மாதத்தில் அடைத்தால் மாதத் தவணை 2.99, மொத்த வட்டி 17.6. பத்து என்று தெரிந்த கடன் பன்னிரண்டு என்று தெரிந்ததைவிட 9.4 பங்கு அதிகம் வாங்கியிருக்கிறது. ஒரே தொகைக்கு, ஒரே கால அளவுக்கு இரண்டு கடனை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணில் மறைக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கடனில் வாங்கிய எதற்கும் இதே வட்டி சேர்கிறது. இந்தக் கணக்கில் 1 பங்கு கடன் 1.3 பங்காகத் திரும்புகிறது. சீட் உறையும் பெயிண்ட் பூச்சும் அடங்கிய 4 பங்கு, கடன் வழியாகப் போனால் 5.2.

தலையில் இருந்த ஹெல்மெட்

இலவச ஹெல்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரே அளவில் வாங்கி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அவள் அதைப் போட்டு என் முன்னால் வந்தபோது, தாடைப் பட்டையைப் பூட்டச் சொல்லிவிட்டு, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணுக்கு முன்னால் வந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் தலையிலிருந்தே கழன்றிருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் முகம் அசையாமல் ஹெல்மெட் மட்டும் சுழன்றது. சரியான அளவாக இருந்தால் அது நகரும்போது கன்னத் தோலும் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். புதிதில் கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் குத்தி வலிக்கக் கூடாது.

ஹெல்மெட்டின் வேலை வெளி ஓட்டில் இல்லை, உள்ளே இருக்கிற தெர்மாகோல் அடுக்கில் இருக்கிறது. மோதும்போது அது நசுங்கி விசையை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீளாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும், பலமாக மோதிய ஹெல்மெட் முடிந்துபோன ஹெல்மெட். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அறக்கட்டளை. ஆக இதுவும் வண்டியோடு தொடர்ந்து வருகிற செலவுதான். ஹெல்மெட் ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் மரண ஆபத்தை ஹெல்மெட் 42 சதவீதமும், தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணித்தது. இவ்வளவு பெரிய பலனை இவ்வளவு சிறிய தொகைக்குத் தருகிற வேறு பொருள் இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. வாங்கும்போது பின்பக்கத்திலோ பட்டையிலோ இருக்கும் தரச்சான்றைப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கான ஐ.நா.வின் 22-ஆம் எண் விதிமுறையின் 06 திருத்தத் தொடர், சாய்வாக மோதும்போது தலை சுழல்வதையும் அளக்கிறது. பழைய 05 தொடரில் அந்தச் சோதனை கிடையாது.

அடுத்த சம்பளத்தில் 3 பங்குக்குச் சரியான ஹெல்மெட் வாங்கினாள். மழைக்கோட்டுக்கு 0.8. அதற்கு மேல் முடியவில்லை.

நின்ற இடத்தில் விழுந்தது

மூன்றாவது மாதம். சரிவான இடத்தில் நிறுத்தப் போனவள் இடது காலை மணலில் ஊன்றினாள், கால் வழுக்கியது. வேகம் ஏறக்குறைய பூஜ்யம். வண்டி மெதுவாகச் சாய்ந்தது. சாய ஆரம்பித்த வண்டியைக் கையால் தாங்க முடியாது. விட்டுவிட்டு விலகுவதே நல்லது. அவள் தாங்கப் பார்த்தாள். கிளட்ச் லீவர் வளைந்தது, கண்ணாடி உடைந்தது, இண்டிகேட்டர் தொங்கியது, கிராஷ் கார்டு என்ஜினைக் காப்பாற்றியது. ஆனால் முன்னால் இருந்த பெரிய பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டது. பில் 3.5. அதில் பாதிக்கு மேல் அந்த மூடிக்கு. கீழ் வகையில் அந்த மூடியே கிடையாது. அவளுக்கு வலது உள்ளங்கை சிராய்த்துத் தோல் போயிற்று. விழுகிற எவரும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள்.

"காப்பீட்டில் போட்டுவிடலாம், நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை" என்று பணிமனையில் சொன்னார்கள். அவள் பாலிசியை எடுத்துப் படித்தாள். இந்த ஓராண்டில் அவள் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான் என்பேன். முதல் 1 பங்கை அவளே கட்ட வேண்டும் என்று இருந்தது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு உண்டு, அது 0.9. ஆக 3.5-இல் காப்பீடு தரப்போவது 1.6. இழப்பீடு கேட்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி போய்விடும், அது 1.1. அந்தத் தள்ளுபடி ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டு போவது. ஒருமுறை இழந்தால் மீண்டும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். இரண்டு மூன்று ஆண்டைச் சேர்த்துப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. சொந்தக் காசில் கட்டினாள். காப்பீடு பெரிய இழப்புக்கானது; சின்ன இழப்புக்கு நம்மிடம் தனியாகக் கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்புத்தான் ஷோரூம் தாளில் கரைந்துபோயிருந்தது.

ஓட்டக் கற்றுக்கொள்ளும் செலவையும் இங்கேயே சேர்த்துப் பேச வேண்டும். அவள் நண்பர்களிடம் கற்றவள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. அவர்கள் பொதுவாகச் சாலையில் ஓட்டிய காலமோ ஏறக்குறைய மூன்று ஆண்டு. அறிக்கை பழையது, சாலைகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் புதிய வண்டியின் முதல் சில மாதங்கள்தான் ஆபத்தானவை என்பதை அது சொன்ன விதம் எனக்கு இன்றும் உறைக்கிறது. உடைக்குக் காசில்லாமல் ஓட்டுகிற மாதங்களும் அவையேதான். அவசர பிரேக்கும் மெதுவாகத் திருப்புவதும் கற்றுத்தரும் ஒரு நாள் பயிற்சி அவளுக்கு 2 பங்கு ஆகியிருக்கும்.

செயின்

பராமரிப்பில் பெரிய அடி இதுதான், முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடியதும் இதுதான். ஆண்டு முடிவதற்குள் செயினும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது: 4 பங்கு. வண்டி ஓடியிருந்தது சுமார் 10,000 கிலோமீட்டர். பராமரித்த செயின் அதைப்போல இரண்டு மடங்கு சாதாரணமாக ஓடும்.

சர்வீசுக்கு விடும்போது எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். இரண்டு சர்வீசுக்கு இடையே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. செயினுக்கு எண்ணெய் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வேண்டும், மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கோப்பில் இருந்தது.

கழற்றிய செயினை நான் வாங்கிப் பார்த்தேன். கணுக்களின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் துரு மாவாகப் படிந்திருந்தது. ஒரு கணு மடியும், அடுத்தது விறைத்து நிற்கும். விறைத்த கணு ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டி லேசாக உதறியிருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல ஆகியிருந்தன. இந்த நிலைக்கு வந்த பின் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினை விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது.

தேவைப்பட்டதெல்லாம் ஒரு மென்மையான பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டப்பா செயின் ஸ்ப்ரே. கணுக்களுக்கு இடையே ரப்பர் வளையம் இருக்கும் செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது. வளையம் கெட்டால் உள்ளே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும், அதை மீண்டும் உள்ளே வைக்க வழியில்லை. வண்டி ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது உள்பக்கமாக அடித்துவிட்டு, இரவு முழுக்க ஊற விட வேண்டும். மாதம் கால் மணி நேர வேலை.

இலவச சர்வீஸ் என்ற சொல்லும் அவளைக் குழப்பியிருந்தது. இலவசம் கூலிக்கு மட்டும். ஆயில், ஃபில்டர், வாஷர், செயின் ஸ்ப்ரே, கழுவும் கட்டணம் எல்லாவற்றுக்கும் பில் உண்டு. மூன்று சர்வீசுக்கு 4.5 ஆயிற்று. முதல் சர்வீஸை எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடக் கூடாது. புதிய என்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கின்றன. தவறினால் வாரண்டியும் சிக்கலாகும். ஆனால் அதே பில்லில் 'இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவம்' என்று ஒரு வரி இருந்தது. இன்ஜெக்டர் என்பது என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் சுத்தம் செய்ய என்ன இருக்கும்? வேலையைத் தொடங்குவதற்கு முன் மதிப்பீட்டை எழுதி வாங்கி, கையேட்டில் இல்லாததை அடிக்கச் சொல்வதே வழி.

மற்றவை

கைபேசி சார்ஜர் பொருத்த 0.8. பொருத்தியவர் ஹெட்லைட் வயரை வெட்டி இணைத்ததில் ஃபியூஸ் போனது, வயர்க் கட்டும் கொஞ்சம் உருகியது. வயரில் கைவைத்ததால் வாரண்டி இல்லை என்றுவிட்டார்கள், இன்னொரு 1.5. பூட்டு 1, பஞ்சர் 0.7, நிறுத்துமிடக் கட்டணம் ஆண்டுக்கு 3. காப்பீட்டை வெளியில் புதுப்பித்ததில் 4.4. பெட்ரோல் அவள் நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் ஆயிற்று. விளம்பரத்தில் வருகிற மைலேஜ் ஆய்வகத்தில் ஒரே ஒழுங்கில் ஓட்டி அளந்தது. பெட்ரோலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டிப் பார்த்தால்: வண்டி 100, ஷோரூம் தாளில் மேலே ஏறியது 27, ஓராண்டில் தனித்தனியாகப் போனது 27, முதல் 12 தவணைகளில் வட்டியாகப் போனது 14. மொத்தம் 168. ஆண்டு முடிவிலும் அவளுக்கு ஜாக்கெட் இல்லை, கையுறை இல்லை, பயிற்சி இல்லை.

எதிர்த்திசையில் போட்ட கணக்கு

இந்த 168-இல் மிகப் பெரிய தவறு எந்த வரியில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். தாளில் இருக்கிற எந்த வரியிலும் இல்லை என்பது என் கருத்து. முதலில் வண்டியைத் தேர்ந்தெடுத்து, பிறகு மற்ற எல்லாவற்றையும் மீதிப் பணத்துக்குள் அடக்கப் பார்த்ததில் இருக்கிறது. மீதி என்று ஒதுக்கியதை ஷோரூம் எடுத்துக்கொண்டது. பிறகு வெட்டப்பட்டதெல்லாம் யாரும் கட்டாயப்படுத்தாத செலவுகள். வரியைக் குறைக்க முடியாது, தவணையைத் தள்ள முடியாது. ஜாக்கெட்டைத் தள்ளலாம், பயிற்சியைத் தள்ளலாம். உடம்பைக் காக்கிற செலவுதான் முதலில் தள்ளப்படுகிறது.

அதனால் அவளுடைய அதே பணத்தை வைத்து எதிர்த்திசையில் ஒரு கணக்குப் போட்டோம். சேமிப்பு 37, கடன் 90. மொத்த வலிமை 127. முதலில் ஓட்டுகிறவளுக்கு: ஹெல்மெட் 3, ஜாக்கெட் 4, கையுறை 1, காலணி 2.5, பயிற்சி 2. ஆக 12.5. அடுத்து முதலாண்டுப் பராமரிப்புக்குக் கையிருப்பு 6. மிச்சம் 108.5. தேவையற்றதை வெட்டிய பிறகும் வரி, காப்பீடு, கிராஷ் கார்டு, ஆவணம் எல்லாம் சேர்த்து விலைக்கு மேல் 19 சதவீதம் ஏறும். ஆகவே அவள் பார்த்திருக்க வேண்டிய வண்டியின் விலை 91-க்குள். கீழ் வகை 86. அதே என்ஜின், அதே பிரேக், அதே ஏபிஎஸ். விலை வித்தியாசமான 14 பங்கு, உடையையும் பயிற்சியையும் முழுதாக வாங்கி, இன்னும் 1.5 பங்கு மீதி தந்திருக்கும்.

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்ணத் திரையை நான் ஓட்டும்போது பார்ப்பதே இல்லை, சித்தப்பா" என்றாள்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். கடனை முன்கூட்டி அடைக்கலாமா என்று முதலில் பார்த்தோம். 12 தவணை கட்டிய பிறகு நிற்கும் அசல் சுமார் 65. மீதி 24 தவணையில் அவள் கட்டப்போவது 78; அதில் வட்டி 13-க்குச் சற்றுக் குறைவு. முன்கூட்டி அடைக்க நிலுவையில் 4 சதவீதம் கட்டணம், அது 2.6. அடைத்தால் 10 பங்கு மிச்சம், ஆனால் ஒரே தவணையில் 65 வேண்டும். பகுதியாக அடைக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. வட்டி குறைந்த வேறு கடனுக்கு மாற்றலாம் என்று வங்கியில் விசாரித்து வைத்திருக்கிறாள். வண்டியின் மதிப்பு இறங்கிவிட்டதால் அவர்கள் தரக்கூடிய தொகை இன்னும் உறுதியாகவில்லை.

அதுவரை கையில் வருகிற பணத்துக்கு வரிசை போட்டிருக்கிறோம். முதலில் கையுறை, அடுத்தது ஜாக்கெட். ஜாக்கெட்டில் தோள், முழங்கை இடங்களில் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092-இல் ஏஏஏ, ஏஏ, ஏ வகுப்புகளில் ஒன்றின் முத்திரை பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். பி வகுப்பு உராய்வை மட்டும் தாங்கும், மோதலுக்குத் தகடு இருக்காது. மூன்றாவது பயிற்சி. இரண்டாம் ஆண்டில் நிச்சயம் வரப்போகிற செலவுகள் இரண்டு. ஒன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. ஆயில் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று பின் டயர். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும் என்று காட்டியபோது, தன் வண்டியின் எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டுக்கும் சேர்த்து மாதம் அரைப் பங்கு தனிக் கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறாள்.